மனை எண் 14-க்குக் கிழக்கு

சேலையூர், மாடம்பாக்கம், முடிச்சூர் என்று தாம்பரத்தைச் சுற்றி எந்தப் பக்கம் போனாலும் இரண்டு வீடுகளுக்கு நடுவே நிற்கும் காம்பவுண்ட் சுவரின் கனம் பெரும்பாலும் ஒன்பது அங்குலம். செலவைச் சுருக்கியவர்கள் நாலரையில் முடித்திருப்பார்கள். அந்தச் சுவர் எங்கே நிற்க வேண்டும் என்று சொல்லக்கூடிய அரசு ஆவணம் புல வரைபடம். இன்று அது மீட்டரில் எழுதப்பட்டிருந்தாலும், அதன் மூல அளவுகள் சங்கிலி கொண்டு எடுக்கப்பட்டவை. அந்தச் சங்கிலியின் நீளம் 66 அடி. அதில் நூறு கண்ணிகள். ஒரு கண்ணி, அதாவது ஒரு லிங்க், 7.92 அங்குலம். அளந்தவர் கணக்கில் எடுத்துக்கொண்ட மிகச் சிறிய அலகே இன்றைய சுவரின் கனத்தை நெருங்குகிறது. ‘ஆறு அங்குலம் என் பக்கம் வந்துவிட்டான்’ என்று ஒருவர் தாலுகா அலுவலகத்தில் மனு கொடுக்கும்போது, அந்த ஆறு அங்குலத்தைக் காணும் திறன் மூல அளவைக்கே கிடையாது. தென்சென்னைப் புறநகரின் எல்லைத் தகராறுகளை அண்டை வீட்டாரின் பேராசைக் கதையாகவே சொல்லிப் பழகிவிட்டோம். இரு தரப்பும் யோக்கியர்களாக இருக்கும் தெருக்களிலும் இந்தத் தகராறு வருகிறதே, ஏன் என்பதுதான் யோசிக்க வேண்டிய கேள்வி. இரண்டு மனைகளுக்கு நடுவே உள்ள கோட்டை எந்தக் கட்டத்திலும் யாரும் இருவரையும் வைத்துக்கொண்டு போடவில்லை என்பதே என் பதில்.

சென்னை மாகாணத்தில் முறையான நில அளவைத் துறை 1858-இல் தொடங்கியது. அதன் நோக்கம் வரி. ஒரு புலத்தில் எத்தனை ஏக்கர், நஞ்சையா புஞ்சையா, தீர்வை எவ்வளவு என்று தெரிந்தால் போதும். புலத்தின் ஓரங்களில் கல் நட்டு, கல்லுக்குக் கல் நேர்கோடு பிடித்து, உள்ளே முக்கோணங்களாகப் பிரித்துப் பரப்பைக் கணக்கிட்டார்கள். ஓரக்கோடு ‘எஃப் லைன்’. உள்ளே முக்கோணம் பிரிக்கும் கோடு ‘ஜி லைன்’. எல்லை அளந்து காட்டச் சொல்லிக் கொடுக்கும் மனுவுக்கு ‘எஃப் லைன் மனு’ என்ற பெயர் இப்படித்தான் வந்தது. இரண்டு புலங்களுக்கு நடுவே அன்று இருந்தது வரப்பு. ஓரடி, ஒன்றரையடி அகலம் கொண்ட வரப்பில் எட்டு அங்குலப் பிழை யாருக்கும் உறைக்காது. ஒரு போகத்தில் வரப்பை வெட்டிச் சீர் செய்யும்போதே அந்த அளவுக்கு நகர்ந்துவிடும். 1923-ஆம் ஆண்டின் நில அளவை மற்றும் எல்லைகள் சட்டம் இந்த உலகத்துக்காக எழுதப்பட்டது. அதன் 10-ஆம் பிரிவுப்படி, தகராறுள்ள எல்லையை நில அளவை அலுவலர் இரு தரப்புக்கும் அறிவிப்புக் கொடுத்து, விசாரித்து, காரணம் எழுதித் தீர்மானிக்க வேண்டும். அளவை முடிந்ததாக அரசிதழில் வெளியான பிறகு, அதில் பதிவான எல்லையே 13-ஆம் பிரிவின்படி முடிவான சான்று. ஒப்பாதவர் 14-ஆம் பிரிவின்படி மூன்று ஆண்டுக்குள் உரிமையியல் நீதிமன்றம் போகலாம். தன் காலத்துக்கு நல்ல சட்டம் என்றே சொல்ல வேண்டும். எல்லை என்பது இரு தரப்பையும் கூப்பிட்டுச் செய்ய வேண்டிய காரியம் என்பதை அது புரிந்துவைத்திருந்தது.

1931-இல் கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்கு மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. 1937-இல் கிறித்தவக் கல்லூரி ஜார்ஜ் டவுனை விட்டுத் தாம்பரம் வந்தது. நிலையத்திலிருந்து நடக்கும் தூரத்தில் தொடங்கிய வீட்டுமனை வியாபாரம், ஏரிப் பாசன வயல்களையும் புஞ்சைக் காடுகளையும் அடுத்தடுத்த தலைமுறைகளில் விழுங்கியது. 1964-இல் நகராட்சியான தாம்பரம், 2021-இல் பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் நகராட்சிகளையும் சிட்லபாக்கம், மாடம்பாக்கம், பெருங்களத்தூர் முதலிய ஐந்து பேரூராட்சிகளையும் சேர்த்து 70 வார்டு கொண்ட மாநகராட்சி ஆகிவிட்டது. ஊராட்சித் தலைவர் கையெழுத்தோடு, ‘பஞ்சாயத்து அப்ரூவல்’ என்ற பெயரில் போடப்பட்ட மனைப்பிரிவுகள் இந்தப் பரப்பில் ஏராளம். இவற்றில் பலவற்றின் கதை ஒன்றுதான். ஒரு புல எண்ணை வாங்கியவர் அதில் சாலை விட்டு, முப்பது நாற்பது மனையாகக் கீறி, மூலைக்கல் ஊன்றி விற்றார். வாங்கியவர்கள் பத்திரம் பதிந்தார்கள். உட்பிரிவு செய்து தனிப் பட்டா வாங்குவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டார்கள். பட்டா பழைய உரிமையாளர் பெயரிலோ கூட்டுப் பட்டாவாகவோ நின்றது. இப்போது சர்வேயர் வந்து புல வரைபடத்தை விரித்தால் அதில் அந்த வயல் இருக்கும். வயலுக்குள் மனைகள் இருக்காது. வயலின் வெளிக்கோட்டை 1923 சட்டத்தின் முழு பலத்தோடு அவரால் காட்ட முடியும். 14-ஆம் மனைக்கும் 15-ஆம் மனைக்கும் நடுவே உள்ள கோடு அவர் கையில் உள்ள தாளில் வரையப்படவே இல்லை. எல்லா இடத்திலும் இப்படி என்று சொல்லவில்லை. உட்பிரிவு முடிந்த தெருக்களும் நகரளவை முடிந்த வார்டுகளும் உண்டு. ஆனால் உட்பிரிவுக்கு வந்த சர்வேயரும் பெரும்பாலும் சுவர் எழும்பிய பிறகே வந்தவர். இருக்கிற சுவரைக் கோடாக எழுதிக்கொண்டு போயிருந்தால், சுவரின் தவறு அப்படியே அரசு ஆவணமாகிவிடும்.

அப்படியானால் பத்திரத்தைப் பார்த்தால் தெரிந்துவிடாதா? பத்திரத்தின் சொத்து விவரத்தில் செக்குபந்தி என்று ஒரு பகுதி உண்டு. நான்கு பக்கத்துக்கும் என்ன எல்லை என்று சொல்வது. பழைய கிராமப் பத்திரங்களில் அது வாய்க்காலுக்கு மேற்கு, ஏரிக்கரைக்குத் தெற்கு, வண்டிப்பாதைக்கு வடக்கு என்று போகும். வாய்க்காலையும் கரையையும் போய்ப் பார்க்கலாம். மனைப் பத்திரத்தில் என்ன இருக்கிறது? 15-ஆம் மனை வாங்கியவரின் பத்திரம், அது மனை எண் 14-க்குக் கிழக்கு என்கிறது. 14-ஆம் மனைக்காரரின் பத்திரம், அது மனை எண் 15-க்கு மேற்கு என்கிறது. ஒன்று எங்கே முடிகிறது என்று கேட்டால் மற்றது தொடங்கும் இடத்தில் என்று பதில். மற்றது எங்கே தொடங்குகிறது என்று கேட்டால் முதலாவது முடியும் இடத்தில். அளவுக்கும் எல்லைக்கும் முரண் வந்தால் பொதுவாக எல்லையே மேலோங்கும் என்பது நீதிமன்றங்கள் நெடுநாளாகக் கடைப்பிடிக்கும் விதி. 2006-இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்திருக்கிறது. வாய்க்காலும் ஏரிக்கரையும் எல்லையாக இருந்த காலத்தில் நியாயமான விதி. இரண்டு மனைகள் ஒன்றையொன்று எல்லையாகக் காட்டிக்கொண்டு நிற்கும்போது இந்த விதி கைகொடுக்காது. எஞ்சுவது ‘கிழமேல் 30 அடி, தென்வடல் 40 அடி’ என்ற எண்கள் மட்டுமே.

அந்த எண்களின் யோக்கியதையையும் பார்க்க வேண்டும். ஒரு வரிசையில் முப்பது அடி அகலத்தில் இருபது மனை என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 600 அடி. தொய்ந்த டேப்பாலோ அவசரத்தாலோ மனைக்கு ஓர் அங்குலம் கூடுதலாகக் கல் ஊன்றப்பட்டால் பத்தொன்பது பேரும் தங்கள் முப்பது அடி சரியாக இருப்பதாகவே நினைப்பார்கள். கடைசி மனைக்காரருக்கு 28 அடி 5 அங்குலம்தான் மிஞ்சும். அவர் பத்திரத்திலும் முப்பது என்றே இருக்கும். அவருக்கு விற்றவர் ஊரில் இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் இருக்கிறார். பத்தொன்பது பேர் ஆளுக்கோர் அங்குலமாக எடுத்துக்கொண்ட குறை, ஒரே ஒரு சுவரின்மீது குற்றச்சாட்டாக வந்து விழுகிறது. அலகுகள் மாறிய வழியிலும் கொஞ்சம் கரைகிறது. விவசாயி ஏக்கரிலும் சென்டிலும் விற்றார். ஒரு சென்ட் 435.6 சதுர அடி. மனை போட்டவர் கிரவுண்டு கணக்கில் விற்றார்; ஒரு கிரவுண்டு 2400 சதுர அடி. பேச்சு வழக்கில் ஒரு கிரவுண்டுக்கு ஐந்தரை சென்ட் என்பார்கள். பெருக்கிப் பார்த்தால் 2395.8 தான் வரும். 1979-இல் தொடங்கிய நிலவுடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டம், மக்கள் வாயில் யு.டி.ஆர்., இதே நிலங்களை ஹெக்டேர், ஏர் கணக்குக்கு மாற்றியது. அந்த மாற்றத்தில் நுழைந்த பிழைகளைத் திருத்தக் கோரும் மனுக்கள் இன்னும் ஓயவில்லை. நகரளவையில் எல்லாம் சதுர மீட்டர். அரை கிரவுண்டு மனை 111.48 சதுர மீட்டர். யாரோ ஒருவர் 111 என்று முழு எண்ணாக எழுதினால் ஐந்து சதுர அடி காகிதத்திலேயே காணாமல் போகிறது. கூர்மையான பென்சிலால் 1:1000 அளவுத்திட்டத்தில் அரை மில்லிமீட்டர் கனத்தில் ஒரு கோடு இழுத்தால், தரையில் அந்தக் கோட்டின் அகலமே அரை மீட்டர்.

இங்கே ஒரு நியாயமான ஆட்சேபம் எழும். அளவுப் பிழை, அலகுப் பிழை என்று பேசி, தெரிந்தே தள்ளிக் கட்டுபவர்களைக் காப்பாற்றுவதா? அடித்தளம் தோண்டும்போது ஒரு சாண், சன்ஷேடு போடும்போது இன்னொரு முழம் என்று நகர்பவர்கள் இருக்கிறார்கள். அடுத்த மனைக்காரர் வளைகுடாவிலோ அமெரிக்காவிலோ இருக்கிறார் என்று தெரிந்தால் துணிச்சல் இன்னும் கூடும். மறுப்பதற்கில்லை. சதுர அடி ஆறாயிரம் ரூபாய் என்று வைத்துக்கொண்டால், நாற்பதடி நீளத்தில் ஆறு அங்குலம் 1,20,000 ரூபாய். ஆனால் தெரிந்தே நகர்ந்தவரையும் தெரியாமல் நகர்ந்தவரையும் பிரித்துக் காட்ட ஒரு கோடு முன்னாலேயே இருந்திருக்க வேண்டும். கோடு இல்லாத இடத்தில் அத்துமீறியவர் சொல்லும் அதே வாக்கியத்தைத்தான் யோக்கியரும் சொல்ல வேண்டியிருக்கிறது: “நான் என் அளவுக்குள்தான் கட்டியிருக்கேன், சார்.” அத்து என்றால் எல்லை, அத்து எது என்று தெரிந்தால்தானே மீறல் எது என்று தெரியும்? கோடு தெளிவாக இல்லாத நிலை பேராசைக்காரருக்குப் பாதுகாப்பாகவும் அப்பாவிக்குச் சந்தேகமாகவும் முடிகிறது.

இன்னொரு பதில் வழக்கறிஞர்களிடமிருந்து வரும். எல்லாக் கோட்டையும் காலம் சரிசெய்துவிடும். 1963-ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டப்படி பன்னிரண்டு ஆண்டு எதிரிடை அனுபோகம் இருந்தால் அனுபவிப்பவருக்கே உரிமை. பழைய சுவரைத் தொடாமல் விட்டால் தகராறே இல்லை என்பார்கள். 2019-இல் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு, எதிரிடை அனுபோகத்தால் உரிமை பெற்றவர் அதைத் தற்காப்பாக மட்டுமின்றி வாதியாகவும் கொண்டுவரலாம் என்று சொன்னது. ஆனால் எதிரிடை அனுபோகம் என்பதற்கு அது அடுத்தவர் நிலம் என்ற அடிப்படை வேண்டும். வெளிப்படையாக, உரிமையாளருக்கு எதிராக, இடைவிடாமல் அனுபவித்ததாகச் சொல்லி நிரூபிக்க வேண்டும். நம் சுவர்க்காரர் அப்படிச் சொல்வதில்லை. அது தன் நிலம் என்றே நம்புகிறார், பத்திரத்தைக் காட்டுகிறார். இரண்டு வாதங்களையும் ஒரே மூச்சில் சொன்னால் இரண்டும் பலவீனப்படும். மேலும் இந்தப் புறநகரில் சுவர்களின் ஆயுள் குறைவு. தனி வீடு இடிந்து அடுக்குமாடி வரும்போது பழைய சுவரும் போகிறது. காலம் சரிசெய்ததாக நினைத்த கோடு புது ஆழ்துளை அடித்தளத்தோடு மறுபடி கேள்விக்கு வருகிறது.

நீதிமன்றம் போனால் என்ன ஆகிறது என்பதை வரிசையாகச் சொல்லலாம். காவல் நிலையத்தில் முதலில் கேட்கும் சொல் ‘சிவில் மேட்டர்’. வட்டாட்சியர் அலுவலகத்தில் எஃப் லைன் மனு. சர்வேயர் வரும் நாளில் எதிர்த்தரப்பு அளக்க விடாமல் நின்றால் போலீஸ் பாதுகாப்புக்கு இன்னொரு மனு. அளந்து கல் காட்டினாலும் ஒப்பாதவர் உரிமையியல் நீதிமன்றத்தில் அசல் வழக்குப் போடுகிறார். தடையாணை மட்டும் கேட்டால் போதுமா, உரிமை விளம்புகையும் கேட்க வேண்டுமா என்பதே முதல் சிக்கல். உரிமையின் மேலேயே நிழல் விழுந்திருந்தால் வெறும் தடையாணை வழக்கு நிற்காது என்று 2008-இல் உச்ச நீதிமன்றம் விரிவாக வகுத்துச் சொல்லியிருக்கிறது. எல்லைத் தகராறில் அந்த நிழல் எப்போதும் உண்டு. பிறகு உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 26-ஆம் கட்டளை, 9-ஆம் விதிப்படி வழக்கறிஞர் ஆணையர் நியமிக்கப்பட்டு, சர்வேயரோடு வந்து அளந்து அறிக்கை கொடுக்கிறார். அந்த அறிக்கைக்கு ஆட்சேபம். மறு அளவைக்கு மனு. இத்தனை ஆண்டுகள் கழித்து நடக்கும் அந்த அளவையை, அடித்தளம் தோண்டுவதற்கு முந்தின வாரம் அரை நாளில் முடித்திருக்கலாம். ஆணையர் அறிக்கையைச் சாடுவதில் பயனில்லை. எல்லைக்கு வர வேண்டிய முதல் சாட்சி, நடந்து முடிந்த கட்டடத்தின் கடைசிச் சாட்சியாக வருகிறது. கோளாறு அந்த வரிசையில் இருக்கிறது.

தொழில்நுட்பம் இதைத் தீர்த்துவிடும் என்ற நம்பிக்கை இன்று பரவலாக இருக்கிறது. செயற்கைக்கோள் உதவியோடு சில சென்டிமீட்டர் துல்லியத்தில் அளக்கும் கருவிகள் வந்துவிட்டன. புல வரைபடத்தை வீட்டிலிருந்தே பதிவிறக்கலாம். நல்லதுதான். ஆனால் கருவி ஒரு புள்ளி எங்கே இருக்கிறது என்று சொல்லும். எந்தப் புள்ளி எல்லை என்று சொல்லாது. பழைய எல்லைக்கல் காணாமல் போயிருந்தால் அடுத்த புலத்தின் கல்லிலிருந்து பிடித்து வர வேண்டும். அந்தக் கல்லோ ஒவ்வொரு முறை தார் போடும்போதும் உயர்ந்த சாலைக்கு அடியில் எங்கோ புதைந்திருக்கிறது. கல்லைப் பேண வேண்டிய கடமையை 1923 சட்டம் நிலவுடைமையாளர்மீது வைத்தது. வயல்காரருக்குப் பொருந்திய அந்தக் கடமை, ஒரு புலத்தை நாற்பது பேர் வாங்கிய பிறகு யாருடையது என்று கேட்டால் பதில் இல்லை. எட்டு அங்குலப் பிழை உள்ள ஆவணத்தை ஒரு சென்டிமீட்டர் துல்லியத்தில் தரையில் குறித்தால் கிடைப்பது மிகத் துல்லியமான எட்டு அங்குலப் பிழை. அங்கீகாரமற்ற மனைகளை ஒழுங்குபடுத்தும் திட்டத்தையும் சிலர் தீர்வாகச் சொல்வார்கள். 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமற்ற மனைகளின் பதிவைத் தடுத்தது. அதையொட்டி 2017 மே மாதம் வந்த விதிகள், 2016 அக்டோபர் 20-க்கு முந்தைய மனைகளுக்கு வழி திறந்தன. சாலை அகலம், கட்டணம், திறந்தவெளி ஆகியவை அதன் கவலை. மனைப்பிரிவு அங்கீகாரம் பெற்றதால் 14-க்கும் 15-க்கும் நடுவே உள்ள சுவர் ஓர் அங்குலம்கூடத் தெளிவாகிவிடவில்லை.

வரைபடத்தில் உயரம் கிடையாது என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். 2015 டிசம்பரில் அடையாறு பெருகி முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் வீடுகள் மூழ்கிய பிறகு, புதிதாகக் கட்டியவர்கள் மனையை மூன்றடி நான்கடி மேடாக்கத் தொடங்கினார்கள். நான்கடி மண்ணின் பாரத்தைப் பக்கத்து வீட்டின் நாலரை அங்குலச் சுவர் தாங்க வேண்டியிருக்கிறது. மேட்டில் விழுந்த மழை பள்ளத்தில் இறங்குகிறது. கோடு மிகச் சரியாக இருந்தும் சண்டை வரும் இடம் இது.

எல்லையை எப்படிப் போடுவது என்பதில் நமக்கு அனுபவம் இல்லாமலில்லை. நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரத்துக்கு முதலாம் இராசராசன் ஆனைமங்கலத்தைக் கொடுத்ததைச் சொல்லும் லெய்டன் செப்பேட்டில், நாட்டார் உடன்வரப் பெண் யானையை நடத்தி எல்லை வலம் வந்து, கல்லும் கள்ளியும் நட்ட செய்தி விரிவாக இருக்கிறது. அளவுகோலும் அவர்களிடம் இருந்தது. ஆனால் கல் நடுவதைச் சுற்றுவட்டத்தார் கண்முன் நடக்கும் காரியமாக வைத்திருந்தார்கள். புதுச்சேரி வழியாக நம் பக்கத்துக்கும் அறிமுகமான பிரெஞ்சு உரிமையியல் சட்டத்தின் 646-ஆம் பிரிவு, எந்த நிலவுடைமையாளரும் அடுத்தவரை அழைத்து இருவர் செலவிலும் எல்லைக்கல் நடக் கட்டாயப்படுத்தலாம் என்கிறது. தகராறு எழும்வரை காத்திருக்கத் தேவையில்லை. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1996-ஆம் ஆண்டின் பொதுச்சுவர்ச் சட்டப்படி, எல்லைக் கோட்டில் சுவர் எழுப்புபவர் ஒரு மாதம் முன்பே பக்கத்து வீட்டாருக்கு எழுத்தில் அறிவிக்க வேண்டும்; சட்டத்தின்கீழ் தகராறு எழுந்தால் இருவருக்கும் பொதுவாக ஓர் அளவையாளரை வைத்துக்கொள்ளலாம். அங்கே நிலப் பதிவேட்டின் கோடுகள் பொதுவான எல்லையை மட்டுமே காட்டுபவை என்று சட்டமே ஒப்புக்கொள்கிறது. தங்கள் வரைபடத்தின் துல்லியம் எவ்வளவு என்று தெரிந்து வைத்திருக்கிறார்கள்; அறிவிப்பையும் கட்டாயமாக்கியிருக்கிறார்கள்.

தமிழ்நாட்டில் இதே இடத்தில் எதிர்த்திசையில் போய்க்கொண்டிருக்கிறோம். 2024 ஜூலையிலிருந்து 2500 சதுர அடி வரை உள்ள மனையில் 3500 சதுர அடி வரை வீடு கட்ட, சுயசான்று முறையில் இணையத்திலேயே உடனடி அனுமதி கிடைக்கிறது. லஞ்சமும் அலைச்சலும் குறையும் என்பதால் மக்கள் வரவேற்றதில் தவறில்லை. ஆனால் தாம்பரம் சுற்றுவட்டாரத்தின் அரை கிரவுண்டு மனைகள் எல்லாம் இந்த வரம்புக்குள் வருபவை; விண்ணப்பிப்பவர் வரைந்து கொடுக்கும் எல்லையே அனுமதியின் எல்லை. கட்டத் தொடங்கும் முன் பக்கத்து மனைக்காரருக்கு அறிவிப்பு, ஒரு நாள் குறித்து இருவர் முன்னிலையில் அளவை, இருவரும் கையெழுத்திட்ட ஒரு வரைபடம் பட்டாவோடு இணைப்பு என்று ஒரு படி சேர்த்தால் அந்த வேகம் பெரிதாகக் குறைந்துவிடாது. வம்புக்காரப் பக்கத்து வீட்டார் கையில் இது முட்டுக்கட்டையாகிவிடும் என்ற பயம் புரிகிறது. கையெழுத்து போட மாட்டேன் என்று பணம் கேட்பவர்களும் கிளம்பலாம். அதனால் கேட்க வேண்டியது சம்மதம் அல்ல, அறிவிப்பு மட்டும். பதினைந்து நாளில் வராதவர் வராமலே அளவை நடக்கும். வெளிநாட்டில் இருப்பவருக்கு வாட்ஸ்ஆப்பில் போனாலும் போதும். ஒப்பாதவர் தன் ஆட்சேபத்தை அதே தாளில் எழுதட்டும். கட்டுபவர் அதைத் தெரிந்துகொண்டே கட்டட்டும். பின்னால் வழக்கு வந்தால், ஆணையர் தேடும் முதல் தாள் ஆட்சேபத்தோடு சேர்ந்தே இருக்கும். கட்டணங்கள் ஏற்கெனவே நிறைய இருக்கும்போது இன்னொரு கட்டணமா என்பவர்களுக்கு ஒரு கணக்கு: அரை நாள் சர்வேயர் வேலையும் நான்கு கல்லும் ஒன்பது அங்குலச் சுவரை ஒருமுறை இடித்துக் கட்டும் செலவில் ஒரு சிறு பங்குகூட ஆகாது. மூலைக்கு ஒன்றாக அந்தக் கல்லைத் தரைமட்டத்துக்கு மேலே தெரியும்படி நட்டால், அடுத்த முறை சாலை உயரும்போதும் 20-ஆம் மனைக்காரர் எங்கிருந்து அளக்க ஆரம்பிப்பது என்று தேட வேண்டியிருக்காது.